இந்தோனேசிய வகுப்பறையில் பேச்சும் ஆர்வமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவுக்குப் பாடம் நடத்தப் போகும் நம் ஆசிரியர்கள், கல்வியியல் படிக்கிறவர்கள், அங்கே குடியேறிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அங்குள்ள ஆசிரியர்களோடு பழகியும், வகுப்புகளின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தும் எனக்குத் தெரிய வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மட்டும்தான், தொடக்கப் பள்ளிக்கு வேறு கணக்கு.

முதல்ல, எஸ்எம்பி, எஸ்எம்ஏ, எஸ்எம்கேன்னு சொல்றாங்களே, எது என்ன?

ஆறு வருடம் தொடக்கப் பள்ளி. அதன் பிறகு 7, 8, 9 வகுப்புகள் எஸ்எம்பி. அதைத் தாண்டினால் 10, 11, 12. பொதுப் படிப்பு என்றால் எஸ்எம்ஏ, தொழிற்கல்வி என்றால் எஸ்எம்கே. இவற்றுக்கு இணையாக மதரஸாப் பள்ளிகள் உண்டு, அவை சமய விவகார அமைச்சின் கீழ் வருகின்றன. வெள்ளைச் சட்டையோடு கருநீலம் போட்டிருந்தால் எஸ்எம்பி பிள்ளை, சாம்பல் நிறம் என்றால் எஸ்எம்ஏ.

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எஸ்எம்பியில் ஒரு பாடவேளை 40 நிமிடம், எஸ்எம்ஏவில் 45 நிமிடம். விதிப்படி ஒரு வகுப்பில் எஸ்எம்பியில் 32 பேர் வரை, எஸ்எம்ஏவில் 36 பேர் வரை இருக்கலாம்.

ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவாங்க? நான் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாமா?

ஆண் ஆசிரியர் 'பாக்', பெண் ஆசிரியர் 'பு'. இரண்டும் அப்பா, அம்மா என்ற சொற்களிலிருந்து வந்த விளிகள். காலையில் வாசலில் ஆசிரியரின் கையைப் பிடித்து நெற்றியிலோ கன்னத்திலோ ஒற்றிக்கொள்ளும் வழக்கமும் பல பள்ளிகளில் இருக்கிறது, கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கூச்சம்தான் மிஞ்சும். பெயருக்கு முன்னால் 'பாக்' சேர்த்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா மொத்த வகுப்பும் "பஹாம், பு!"ன்னு கத்துது. பரீட்சை வெச்சா ஒண்ணுமே தெரியலை. பொய் சொல்றாங்களா?

பொய் இல்லை. அங்கே அந்தக் கேள்விக்கு 'புரிந்தது' என்று சேர்ந்து சொல்வதுதான் முறை. ஆசிரியர் பாடத்தின் ஒரு பகுதியை முடித்துவிட்டார், நாங்கள் கவனித்துக்கொண்டிருந்தோம், அடுத்ததுக்குப் போகலாம், இவ்வளவுதான் அந்தச் சத்தத்தின் பொருள். ஒருவன் மட்டும் 'புரியவில்லை' என்றால் ஆசிரியர் சரியாக நடத்தவில்லை என்று அவன் எல்லார் முன்னாலும் சொன்னதாக ஆகிவிடும், கூடவே 35 பேரின் நேரத்தைத் தின்றதாகவும் ஆகும். எந்தப் பிள்ளை அதற்குத் துணியும்?

ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு சிறு கணக்கோ ஒரு வரிக் கேள்வியோ கொடுத்து, துண்டுத் தாளில் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். அன்று மாலை அந்த 36 துண்டுகளைப் புரட்டினால், 'பஹாம்' எதைச் சொல்லவில்லையோ அது தெரிந்துவிடும்.

யாருமே கேள்வி கேட்க மாட்டேங்கிறாங்களே. ஆர்வம் இல்லையா, பயமா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. மௌனத்தைப் பார்த்து ஆர்வமில்லை என்று முடிவுகட்டுவதுதான் வெளியிலிருந்து வரும் ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அதே பிள்ளை மணி அடித்ததும் வெளியே வந்து, தனியாக, மெதுவான குரலில் உங்களிடம் அருமையான ஒரு கேள்வி கேட்கும். ஆர்வம் இல்லாவிட்டால் அதற்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, நண்பர்கள் முன்னால் தப்பாகப் பேசி வெட்கப்படும் பயம், அதிலும் 13 வயதில் அது உயிர் போகிற விஷயம். இரண்டாவது, மூத்தவர்கள் முன்னால் அடக்கமாக இருப்பது நல்ல வளர்ப்பின் அடையாளம் என்று வீட்டில் கற்றுக்கொண்டது. மூன்றாவது, அதிகம் பேசினால் ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான் என்று நண்பர்களே கிண்டல் செய்வார்கள். பயம் ஆசிரியரைப் பற்றியது என்றுதான் நாம் நினைக்கிறோம், ஆனால் பெரும்பாலும் அது பக்கத்து பெஞ்சைப் பற்றியது.

நான்காவது, பல வகுப்புகளில் பேச இடமே கிடைப்பதில்லை. 2007 வாக்கில் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை நாட்டின் பல பகுதிகளில் படம்பிடித்து உலக வங்கி ஆராய்ந்தது. அதில் பேச்சின் மிகப் பெரும் பகுதி ஆசிரியருடையதாகவே இருந்தது. பேச வாய்ப்பே வராத பிள்ளைகளைப் பேசாத பிள்ளைகள் என்று சொல்ல முடியாது.

அப்போ பேச வைக்க என்ன செய்யணும்?

மேலே சொன்ன எண்களை எடுங்கள். 36 பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து பேசினாலே 45 நிமிடத்தில் 36 போய்விடும். அதனால் வகுப்பு முழுவதும் கேட்க ஒருவர் பேசுவது என்ற வழியில் இது நடக்கவே நடக்காது. முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள், ஒரே நேரத்தில் 18 வாய்கள் திறக்கும். பிறகு "உங்கள் ஜோடி என்ன முடிவுக்கு வந்தது?" என்று கேளுங்கள். அப்போது சொல்கிற பதில் இரண்டு பேருக்கும் சொந்தம், தப்பாக இருந்தாலும் வெட்கம் பாதியாகிவிடுகிறது. தனியாக 'நான்' என்று ஆரம்பிக்கத் தயங்கும் பிள்ளை 'நாங்கள்' என்று ஆரம்பிக்கத் தயங்குவதில்லை.

இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஐந்தாறு விநாடி மௌனம் நமக்கு யுகமாகத் தெரியும், உடனே நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். இரண்டு வாரம் அப்படிச் செய்தால் போதும், ஆசிரியரே சொல்லிவிடுவார் என்று வகுப்பு கற்றுக்கொள்ளும். கேள்வியை எழுதிப் போடும் பெட்டியும் உதவும், ஆனால் போட்ட கேள்விக்கு அடுத்த வகுப்பிலேயே பதில் வர வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் பெட்டியில் தூசிதான் விழும்.

தப்பா பதில் சொன்னா திருத்தலாமா, விட்டுடலாமா?

திருத்தத்தான் வேண்டும், தப்பை அப்படியே விடுவது பிள்ளைக்கு மரியாதை செய்வதாகாது. ஆனால் முதல் மூன்று விநாடியில் உங்கள் முகம் என்ன சொல்கிறது என்பதைத்தான் மீதி 35 பேரும் பார்க்கிறார்கள். அடுத்து யார் கை தூக்குவார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிடும். "எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாய், சொல்லு" என்று வழியைக் கேளுங்கள். பெரும்பாலான தப்புப் பதில்களில் முக்கால் வழி சரியாகவே இருக்கும், அந்த முக்காலைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டு மீதியை வகுப்போடு சேர்ந்து சரிசெய்யலாம்.

நண்பர்கள் சிரித்தால்? அதை மட்டும் விடாதீர்கள். கத்த வேண்டாம், பாடத்தை நிறுத்திவிட்டு நிதானமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிரிப்பு நிற்காத வகுப்பில் நான் மேலே சொன்ன எந்த உத்தியும் வேலை செய்யாது.

வீட்டுல ஜாவா மொழி, சுண்டா மொழி பேசுறாங்க, பள்ளியில இந்தோனேசிய மொழி. இதுவும் ஒரு காரணமா?

ஆமாம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நாட்டில் 700க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன, பாடமொழி இந்தோனேசியம். ஏழாம் வகுப்புக்கு வரும்போது பேச வந்துவிடும், ஆனால் ஒரு விளக்கத்தைக் கோவையாகச் சொல்லும் அளவுக்கு எல்லாருக்கும் கை வந்திருக்காது. ஜாவா மொழியில் நண்பனிடம் பேச ஒரு நடை, மூத்தவரிடம் பேச வேறு நடை, சொற்களே மாறும். உயர்நடையில் பிழை செய்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பிள்ளைகள் பேசாமலே இருந்துவிடுவதும் உண்டு.

ஜோடியாகப் பேசும்போது வீட்டு மொழியில் பேச விடுங்கள். யோசிப்பது எந்த மொழியில் நடந்தால் என்ன, வகுப்புக்குச் சொல்லும்போது இந்தோனேசியத்துக்கு வரட்டும். ஆங்கில ஆசிரியர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

எல்லா ஊர்லயும் இப்படித்தானா? பொதுவா ஆசியப் பண்பாடுன்னு வெச்சுக்கலாமா?

வேண்டாம். சுமத்ராவின் மேடான் நகரப் பக்கம் பேச்சு நேரடியாக இருக்கும் என்று இந்தோனேசியர்களே சொல்வார்கள். ஜாவாவின் யோக்யகர்த்தாவில் பழகிய ஆசிரியர் அங்கே போனால் முதல் வாரம் திகைத்துப் போவார். (அதே மேடானில் கம்போங் மெட்ராஸ் பகுதியைச் சேர்ந்த தமிழ் வம்சாவளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், நீங்கள் தமிழர் என்று தெரிந்ததும் பேச்சு தானாக வரும்.) நகரத் தனியார் பள்ளி, கிராமத்து மதரஸா, பப்புவா மலைப் பள்ளி எல்லாம் ஒன்றாகாது.

பண்பாடு என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பிள்ளையின் சுதந்திரத்தை நடுவில் வைத்துக் கல்வியைப் பற்றி யோசித்தவர் அந்த மண்ணிலேயே இருந்தார். கி ஹஜர் தேவந்தாரா 1922இல் யோக்யகர்த்தாவில் தமன் சிஸ்வா பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர் முன்னால் நிற்கும்போது முன்மாதிரியாக இருக்க வேண்டும், நடுவில் இருக்கும்போது ஊக்கத்தைக் கிளப்ப வேண்டும், பின்னால் இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அதன் கடைசிப் பகுதியான 'துத் வுரி ஹண்டயானி' கல்வி அமைச்சின் சின்னத்திலேயே இருக்கிறது, அவர் பிறந்த மே 2 தேசியக் கல்வி நாள். பேசும் வகுப்பறை அங்கே இறக்குமதிச் சரக்கு இல்லை.

மார்க் குறைஞ்சாலும் யாரும் அலட்டிக்கவே இல்லை. எப்படி ஊக்கம் கொடுக்கறது?

இதற்குக் காரணம் பிள்ளையின் குணத்தில் இல்லை, மதிப்பெண் முறையில் இருக்கிறது. வெகு காலமாகப் பள்ளிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்ணை வைத்திருந்தன, பல இடங்களில் அது 75. அதற்குக் கீழே எடுத்தால் 'ரெமிடியல்' என்ற மறுதேர்வு. நல்ல யோசனைதான், ஆனால் நடைமுறையில் மறுதேர்வு எழுதிய எல்லாருக்கும் அந்த 75 வந்துவிடும். படித்தாலும் 75, படிக்காவிட்டாலும் இரண்டு வாரம் கழித்து 75 என்றால் பிள்ளை போடும் கணக்கில் தப்பே இல்லை. புதிய பாடத்திட்டம் அந்த ஒற்றை எண்ணைக் கைவிட்டது, பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இன்னொரு முடிச்சு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ரிப்போர்ட் கார்டு மதிப்பெண்ணை வைத்து இடம் தரும் ஒரு வழி உண்டு, அதன் பெயர் எஸ்என்பிபி. 'ஏ' தரச் சான்று பெற்ற பள்ளியில் முதல் 40 விழுக்காட்டினர், 'பி'யில் 25, 'சி'யில் 5 விழுக்காட்டினர் மட்டும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் வந்த அன்றே மேலே இருப்பவர்கள் அரை மதிப்பெண்ணுக்குப் போராடத் தொடங்குவார்கள், கீழே இருப்பவர்களில் பலர் கையை உதறிவிடுவார்கள். அவர்களுக்கு எழுத்துத் தேர்வு வழியும் திறந்தே இருக்கிறது என்பதை, பட்டியல் வரும் வரை காத்திருக்காமல், பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லி வையுங்கள்.

"எனக்கு மூளை அவ்வளவுதான் சார்"னு ஒரு பையன் சொல்றான். என்ன பதில் சொல்றது?

அவன் தனி ஆள் இல்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா ஆய்வில், 2018இல், 'அறிவு என்பது பிறவியிலேயே அமைந்தது, அதைப் பெரிதாக மாற்ற முடியாது' என்ற கருத்துக்கு இந்தோனேசிய மாணவர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் ஆமாம் போட்டார்கள். கேட்கப்பட்ட நாடுகளிலேயே இது மிக அதிகமான வரிசையில் வரும். அதே பிசாவில் 2022இல் கணக்கில் நாட்டின் சராசரி 366, ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட அமைப்பின் சராசரி 472, அடிப்படைத் தகுதி என்று வைத்த இரண்டாம் நிலையை எட்டியவர்கள் 18 விழுக்காடு. இந்த இரண்டு செய்திகளையும் நான் சேர்த்தே படிக்கிறேன்.

"முடியும், நம்பு" என்று சொல்லிப் பயனில்லை, அவன் அதைச் சுவரொட்டிகளில் நிறையப் பார்த்துவிட்டான். ஆறு வாரத்துக்கு முன் அவன் எழுதிய விடைத்தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்போது வராத ஒன்று இப்போது வருகிறதா, அதை அவன் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட எதுவும் இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் வேலை அவன் நிலைக்கு மேலே இருக்கிறது, ஒரு படி கீழே இறங்குங்கள்.

அரசாங்கம் இதுக்கெல்லாம் ஒண்ணும் செய்யலையா?

நிறையச் செய்தது, அடிக்கடி மாற்றவும் செய்தது. 2013 பாடத்திட்டம் 'கேள்வி கேட்டல்' என்பதைப் பாடத்தின் ஒரு படியாகவே வைத்தது. கவனி, கேள், தகவல் திரட்டு, தொடர்புபடுத்து, எடுத்துச் சொல் என்று ஐந்து படிகள். எண்ணம் உயர்ந்தது. ஆனால் பாடக்குறிப்பில் கட்டமாக வந்ததால் பல வகுப்புகளில் ஆசிரியர் முன்கூட்டியே இரண்டு பேரிடம் கேள்வியைக் கொடுத்துவைக்கும் சடங்காகிவிட்டது. நதீம் மகாரிம் கல்வி அமைச்சராக இருந்தபோது தேசியத் தேர்வு ஒழிந்தது, 2021இல் இருந்து 5, 8, 11 வகுப்புகளில் சில மாணவர்களை மட்டும் சோதிக்கும் மதிப்பீடு வந்தது. 2022இல் குரிக்குலும் மெர்டேக்கா என்ற 'சுதந்திரப் பாடத்திட்டம்' வந்தது. இப்போதைய அமைச்சர் அப்துல் முஃதி காலத்தில் 'ஆழ்ந்த கற்றல்' என்ற அணுகுமுறையும், 2025 நவம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விருப்பத் தேர்வாக ஒரு கல்வித் திறன் சோதனையும் வந்தன.

சம்பளத்தைக் கூட்டினா ஆசிரியர்கள் நல்லா நடத்துவாங்க இல்லையா?

2005 ஆசிரியர் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் அளவுக்கு இன்னொரு தொகை கிடைத்தது. அதன் விளைவைத் தொடக்கப் பள்ளிகளிலும் எஸ்எம்பிகளிலும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பக்க வேலைக்குப் போவது குறைந்தது, மாணவர்களின் மதிப்பெண்ணில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. இதைக் காட்டிச் சம்பளம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சொற்பத் தொகைக்கு நான்கு பள்ளிக்கு ஓடும் ஒப்பந்த ஆசிரியர்கள் அங்கே ஏராளம், அவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும். வகுப்பில் பேச்சு மாறுவதற்கு அது மட்டும் போதாது, அவ்வளவே.

கண்டிப்பு இருந்தாத்தான் படிப்பாங்கன்னு அங்கேயே நிறைய பேர் சொல்றாங்களே?

சொல்கிறார்கள். 2025 மே மாதம் மேற்கு ஜாவா ஆளுநர் டெடி முல்யாடி அடங்காத மாணவர்களை ராணுவ முகாமுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார், பல பெற்றோர் வரவேற்றார்கள். அந்தப் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதை நான் ஏற்கவில்லை. முகாமிலிருந்து வந்த பிள்ளை நேராக உட்காரலாம். முன்பு சொன்ன வெட்கம் இன்னும் ஒரு பங்கு கூடியிருக்கும், கணக்கு புரியாதது புரியாமலே இருக்கும்.

மாற்று வழியும் அங்கேயே இருக்கிறது. மாற்றத்தை முன்னெடுக்கும் ஆசிரியர்களை உருவாக்க அரசு நடத்திய 'குரு பெங்கெராக்' பயிற்சியில் ஆசிரியரின் ஐந்து நிலைகளைச் சொல்லித் தந்தார்கள்: தண்டிப்பவர், குற்றவுணர்வு ஊட்டுபவர், நண்பர், கண்காணிப்பவர், மேலாளர். கடைசி நிலைக்கு வர மூன்று படிகள். தப்பு செய்வது மனித இயல்பு என்று முதலில் பிள்ளையை நிலைப்படுத்து, அவன் அப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று ஒப்புக்கொள், பிறகு வகுப்பு சேர்ந்து எழுதிய நம்பிக்கைகளில் எதை இது மீறியது, எப்படிச் சரிசெய்வாய் என்று அவனையே கேள். நேரம் பிடிக்கும் வேலை. தனியாக, மற்றவர்கள் பார்க்காத இடத்தில் செய்தால்தான் பலிக்கும்.

முதல் பீரியட்லயே தூங்கி விழுறாங்க. இதுவும் ஆர்வக் குறைவா?

எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேளுங்கள். 2023இல் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத் தலைநகரம் குபாங்கில் சில எஸ்எம்ஏ, எஸ்எம்கே பள்ளிகளைக் காலை 5 மணிக்கே தொடங்க உத்தரவிட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் 5.30 ஆக்கினார்கள். மேற்கு ஜாவாவில் 2025இல் இருந்து 6.30. ஒரு மணி நேரம் பயணம் செய்து, சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு ஊக்கப் பேச்சு எதற்கு? முதல் பாடவேளையில் எழுந்து நின்று செய்யும் வேலையைக் கொடுங்கள், விரிவுரையை மூன்றாவதுக்குத் தள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்ல நல்லா பேசுறாங்க, நேர்ல ஊமை. இதை எப்படிப் பயன்படுத்தறது?

தட்டச்சு செய்யும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. கேள்வியை முதல் நாள் மாலையே குழுவில் போட்டுவிட்டு, வந்த பதில்களில் இரண்டை மறுநாள் வகுப்பில் நீங்களே வாசித்து, எழுதியவரிடம் 'இதை வகுப்புக்கு விளக்குகிறாயா' என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். போன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதலில் பார்க்கவும், 2020 ஊரடங்கில் வகுப்பே அவர்கள் கைக்கு எட்டாமல் போனது.

குழு வேலை கொடுத்தா ஒருத்தன் செய்றான், மத்தவங்க பேர் மட்டும் போடுறாங்க.

எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஆறு பேர் குழுவை விட்டுவிட்டு மூன்று பேராக்குங்கள், எடுத்துச் சொல்வது யார் என்று கடைசி நிமிடத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அப்போது தெரிந்தவன் மற்ற இருவருக்கும் சொல்லித் தந்தே ஆக வேண்டும்.

எல்லாம் செஞ்சேன். பேசுறாங்க, சிரிக்கிறாங்க, வகுப்பு கலகலன்னு இருக்கு. ஆனா கற்றல் ஏறலை. அப்போ எங்க தப்பு?

சத்தம் கூடியிருக்கிறது, எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மாறவில்லை என்று நினைக்கிறேன். ஜோடிப் பேச்சுக்குக் கொடுக்கும் கேள்வி 'விடை என்ன' என்பதாக இருந்தால் ஒருவன் விடையைச் சொல்வான், மற்றவன் எழுதிக்கொள்வான், மீதி நேரம் கால்பந்து. 'இந்த இரண்டு விடையில் எது சரி, ஏன்' என்று கேட்டால்தான் விவாதம் வரும். 2001 முதல் இந்தோனேசியாவில் வளர்ந்த பிஎம்ஆர்ஐ என்ற கணக்கு இயக்கம் இப்படித்தான் பிள்ளைக்குத் தெரிந்த சூழலிலிருந்து ஆரம்பித்து, பல வழிகளில் தீர்க்க விட்டு, வழிகளை ஒப்பிடச் சொல்கிறது. தொடக்கப் பள்ளிக்காக வந்தது என்றாலும் ஏழாம் வகுப்புக்கும் நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், உங்கள் வகுப்பை நீங்களே பார்க்க முடியாது. 2006 வாக்கில் ஜப்பான் உதவியோடு சுமெடாங், பந்துல், பசுருவான் மாவட்டங்களில் 'லெசன் ஸ்டடி' பரவியது. சக ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்து ஆசிரியரை விட்டுவிட்டு மாணவர்களைக் கவனிப்பார்கள், முடிந்ததும் கூடிப் பேசுவார்கள். ஒரே ஒரு சக ஆசிரியரை அழையுங்கள். பின்வரிசையில் நான்கு பிள்ளைகளை மட்டும் அவர் பார்க்கட்டும், ஒவ்வொருவரும் பாடத்தைப் பற்றி என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று குறித்துத் தரட்டும். உங்கள் நடத்தும் முறை நன்றாக இருந்ததா என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், 'நன்றாக இருந்தது' என்றுதான் சொல்வார், மூன்றாவது கேள்வியில் வகுப்பு 'பஹாம்' என்று சொன்ன அதே காரணத்துக்காக.